மலை எந்தத் துறையில் வருகிறது? – கம்பம் பள்ளத்தாக்கும் பேராசிரியர்களும்

துறை என்ற சொல்லின் பழைய பொருள் ஆற்றில் இறங்கும் இடம். குளிக்கிற துறை, வண்ணான் துறை, மாடு இறங்குகிற துறை என்று ஒரே ஆறு பல துறைகளாகக் கிடக்கும். இன்ன சாதிக்காரர் இன்ன துறையில்தான் இறங்கலாம் என்ற கட்டும் இருந்தது. பல்கலைக்கழகம் வந்தபோது ‘டிபார்ட்மென்ட்’டுக்கு இந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தவர் யாரோ, தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, பொருத்தமாகத்தான் செய்திருக்கிறார். மேல்துறையில் நிற்பவர் கீழ்த்துறையில் என்ன நடக்கிறது என்று கேட்பதில்லை. கேட்டால் அத்துமீறல்.

கம்பம் பள்ளத்தாக்கும் அதன் கிழக்கு வாசலான உசிலம்பட்டிப் பக்கமும் கடந்த எழுபது, எழுபத்தைந்து ஆண்டுகளில் பல துறைப் பேராசிரியர்களைப் பார்த்துவிட்டன. மானிடவியலார் வந்தார்கள். வரலாற்றாய்வாளர் வந்தார். ரத்தம் எடுக்க வந்தார்கள், கல்லைப் படிக்க வந்தார்கள், கடைசியாக மலையைக் குடைய வந்தார்கள். ஒவ்வொருவரும் தம் துறையில் பெரிய ஆள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. இத்தனை நிபுணத்துவம் ஒரே நிலத்தில் இறங்கிய பிறகும் அந்த நிலத்து மனிதர் கேட்கிற ஒரு கேள்வி ஏன் எந்தத் துறையிலும் சேராமல் வெளியே நிற்கிறது என்பதே என் பிரச்சினை. அறிவு என்பதே அதிகாரம் என்று ஃபூக்கோவைச் சொல்லி இரண்டு பத்தியில் முடித்துவிடலாம். நம் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு அது கைவந்த கலை. ஆனால் பேராசிரியர் ஒவ்வொருவரும் உண்மையில் எதைக் கண்டார், எதைக் காணவில்லை என்று தனித்தனியாகப் பார்க்காமல் அந்த வாக்கியத்தைச் சொல்வது சோம்பேறித்தனம்.

லூயி துய்மோனிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தபோது சமஸ்கிருதம் கற்ற பிரெஞ்சுக்காரர். 1949, 50 ஆண்டுகளில் மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர்களிடையே தங்கினார். அந்த ஆய்வு 1957இல் பிரெஞ்சில் புத்தகமாக வந்தது. ஆங்கிலத்துக்கு வர 1986 ஆகிவிட்டது. இதற்குள் அவர் உத்தரப் பிரதேசத்துக்குப் போய், அங்கிருந்து ‘ஹோமோ ஹயரார்க்கிகஸ்’ (1966) எழுதி, சாதி பற்றிய உலகப் பேச்சையே தம் பக்கம் திருப்பி, பிறகு ஐரோப்பியத் தனிமனிதவாதத்தை ஆராயப் போய்விட்டார். பேராசிரியரின் ஆர்வங்கள் நகரலாம். ஆய்வுப்பொருள் அதே இடத்தில் கருவேல முள் வெட்டிக்கொண்டு நிற்கும்.

துய்மோன் கண்டது சாதாரண விஷயம் இல்லை. அன்றைய பிரிட்டிஷ் மானிடவியலுக்கு உறவு என்றால் வம்சம்தான், அப்பன்-மகன் வரிசைதான். மாமனைத் ‘தாயின் சகோதரன்’ என்று மொழிபெயர்த்து நகர்ந்துவிடுவார்கள். துய்மோன் அப்படி இல்லை, மாமன் என்பவன் முதலில் அப்பனின் மச்சான் என்றார். கொண்டான் கொடுத்தான் உறவு ஒரு திருமணத்தோடு முடிவதில்லை, சொத்தைப்போலத் தலைமுறைக்குத் தலைமுறை கைமாறுகிறது, நம் உறவுச்சொற்களே அந்தக் கைமாற்றத்தின் கணக்கேடு என்றார். காதுகுத்துக்கு மாமன் ஏன் சீர் கொண்டுவருகிறான் என்பதற்குக் கோட்பாடு கிடைத்தது. ‘இதென்ன, எங்க ஊர்க் கிழவிக்குத் தெரியாததா’ என்று கேட்கலாம். தெரியும்தான். கிழவிக்குத் தெரிந்ததை ஆக்ஸ்போர்டுக்குத் தெரியவைப்பதும் ஒரு வேலை. அதை அவர் நேர்மையாகச் செய்தார்.

ஆனால் அவர் வந்த ஆண்டைக் கவனியுங்கள். குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் ரத்தானது 1947இல். அவர் எதிரே உட்கார்ந்து மாமன் மச்சான் முறை சொன்ன ஆண்களில் பலர் இரண்டு ஆண்டு முன்புவரை கைரேகை கொடுத்தவர்கள், ஊரைவிட்டு நகர அனுமதிச்சீட்டு வாங்கியவர்கள். 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் அந்தக் கைரேகையை எதிர்த்து நின்றவர்கள்மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்துப் பலர் செத்தார்கள். அந்தச் சாவைப் பார்த்த கண்களும் 1949இல் உயிரோடுதான் இருந்திருக்கும். துய்மோனின் புத்தகத்தில் இந்த வரலாறு ஓரத்தில்தான் நிற்கிறது; நடுவில் அமைப்பு, குலம், கோயில், மணஉறவு. காலம் என்ற ஒன்று வந்தால் அமைப்பு கலங்கிவிடும். அமைப்பியல் துறையில் இறங்கியவருக்கு போலீஸ் ஸ்டேஷன் வேறொரு துறை.

அந்த ஸ்டேஷனை வரலாற்றுத் துறை பின்னால் எடுத்துக்கொண்டது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1978இல் ‘குற்றப்பரம்பரை’ என்ற முத்திரையையே மறுபரிசீலனை செய்து கட்டுரை எழுதினார். பிறகு வில்லுப்பாட்டு ஆய்வுக்குப் போனார், அதன்பின் அருணாசலப் பிரதேசத்துக்கு.

இரண்டு துறையையும் சேர்த்து இறங்க முயன்றவர் ஆனந்த் பாண்டியன். அமெரிக்காவில் வளர்ந்த தமிழர், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பேராசிரியர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி ஆய்வு செய்து 2009இல் ‘க்ரூக்டு ஸ்டாக்ஸ்’ வெளியிட்டார். போலீஸ் இருக்கிறது, மிஷனரி இருக்கிறார், 1895இல் மலையைக் குடைந்து இங்கே திருப்பிய பெரியாற்றுத் தண்ணீர் இருக்கிறது, சினிமாப் பாட்டும் இருக்கிறது. நிலத்தைப் பண்படுத்துவதும் மனதைப் பண்படுத்துவதும் தமிழில் ஒரே சொல்லாக இருப்பதைப் பிடித்துக்கொண்டு, ‘திருடன்’ என்று அரசு எழுதிவைத்த மனிதன் தன்னை எப்படி உழவனாக, யோக்கியனாக ஆக்கிக்கொண்டான் என்று கேட்கிறார். இந்த வரிசையில் எனக்குப் பிடித்த புத்தகம் இதுதான். மேற்கத்தியக் கோட்பாட்டுக்குப் பக்கத்தில் ஊர்ப்பேச்சையும் திருக்குறளையும் சம ஆசனத்தில் உட்காரவைக்கிறது.

என் மனத்தாங்கல் வேறு. உழைப்பு இங்கே ஒரு அறமாகப் பேசப்படுகிறது. சொந்த நிலத்தில் உழைப்பவனுக்கு உழைப்பு அறமாக இருக்கலாம். அதே வயலில் நாற்று நடுகிற தலித் பெண்ணுக்கு அது கூலி. வரப்பில் நின்று சண்டை போட்டு வாங்குகிற கூலி. பாண்டியன் இதை அறியாதவர் அல்ல, பார்க்காதவரும் அல்ல. ஆனால் புத்தகத்தின் அச்சு வேறிடத்தில் சுழல்கிறது.

இங்கேதான் ஒன்றைப் பச்சையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. துய்மோன், பிளாக்பர்ன், பாண்டியன் மூவரும் ஆராய்ந்தது ஒரே சாதியை. அந்தச் சாதிக்கு அரசு செய்த கொடுமை உண்மை, ஆய்வுக்குரியது. ஆனால் ஒரு சாதி ஆய்வுலகில் பிரசித்தி பெற்றுவிட்டால் அடுத்த பேராசிரியரும் அங்கேயே வருகிறார், முன்னவரை மறுக்கவாவது வந்தாக வேண்டியிருக்கிறது. நூற்பட்டியல் ஒரு கிணறு. தோண்டிய இடத்திலேயே தோண்டுவார்கள். 1989இல் போடியில் நடந்த சாதிக் கலவரத்தில் வீடிழந்த தலித்துகளும் இதே பள்ளத்தாக்குதான். கருக்கலில் எழுந்து, ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய், இருட்டியபின் இறங்குகிற பெண்களும் இதே பள்ளத்தாக்குதான். ஜீப் கவிழ்ந்தால் மறுநாள் பேப்பரில் வருவார்கள். கன்னடம், தெலுங்கு பேசும் சாதிகள், உத்தமபாளையம் பக்கத்து ராவுத்தர்கள், மலைமேல் பளியர்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள். உலகப் புகழ்பெற்ற மூன்று ஆய்வுகளை மட்டும் படித்த ஒரு பாரிஸ் மாணவர் இவர்களை அடிக்குறிப்புகளாகத்தான் சந்திப்பார்.

அடுத்து வந்தது ரத்தம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நோயெதிர்ப்பியல் பேராசிரியராக இருந்த இரா. பிச்சப்பனும் அவரது குழுவும் 1990களில் மதுரைக்கு மேற்கே உள்ள ஊர்களில் ரத்தமாதிரி எடுத்தார்கள். ஸ்பென்சர் வெல்ஸ் என்ற மரபியலாளரோடு சேர்ந்து செய்த ஆய்வில் எம்130 என்ற ஒய் குரோமோசோம் அடையாளம் கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகக் கிளம்பி ஆஸ்திரேலியாவரை போன ஆதிமனிதக் கூட்டத்தின் தடம் என்று அதை விளக்கினார்கள். 2002இல் வெல்ஸின் புத்தகம் வந்தது, ஆவணப்படமும் வந்தது. பத்திரிகைகள் ‘முதல் இந்தியர்’ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதாக ஒரு ஊரையே காட்டின.

ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. ஒரு அடையாளம் ஒருவர் உடலில் இருப்பதற்கும் அவர் ‘முதல்வர்’ ஆவதற்கும் சம்பந்தமில்லை. ஒய் குரோமோசோம் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற ஒற்றை நூல். ஒருவனுக்குப் பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஆயிரத்துச் சொச்சம் மூதாதையர் என்றால் அவர்களில் ஒரே ஒருவரின் கதையைத்தான் அது சொல்லும். இதில் வேடிக்கை என்னவென்றால், இதே மக்களை வைத்துத்தான் துய்மோன் ‘அப்பன்-மகன் வரிசையை மட்டும் பார்த்தால் இவர்களைப் புரிந்துகொள்ள முடியாது, மாமனைப் பாருங்கள்’ என்று மன்றாடினார். அரை நூற்றாண்டு கழித்து இன்னொரு துறை மாமனையும் அம்மாவையும் முற்றாக விட்டுவிட்டு அப்பன்-மகன் நூலைப் பிடித்தது. இரண்டு ஆய்வும் நடந்தது பக்கத்துப் பக்கத்து ஊர்களில். ஒரு துறையின் கண்டுபிடிப்பு மறு துறைக்கு எட்டவேயில்லை. எட்டியிருந்தால் அந்தப் பத்திரிகைத் தலைப்புகளுக்கு யாராவது ஒருவர் உடனே பதில் சொல்லியிருப்பார். ஆண்ட பரம்பரை பேசுகிற மேடைகளுக்கு இதைவிட வாகான சரக்கு கிடைக்குமா? ரத்தம் கொடுத்தவனுக்குப் பெருமையைக் கொடுத்தார்கள், விளக்கத்தைக் கொடுக்கவில்லை.

கல்லின் கதையும் கிட்டத்தட்ட இதுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 2006இல் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. ராஜனின் ஆய்வு மாணவர்கள் தமிழ்-பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒன்றில் ‘கூடல்ஊர்’, ‘ஆகோள்’ என்ற சொற்கள். மாடுபிடிச் சண்டையில் செத்தவனுக்கு வைத்த கல். இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எழுத்துடை நடுகற்களில் வைத்து எண்ணப்படுகிறது. தமிழ் எழுத்து அரசவையிலும் வணிகனிடமும் சமணக் குகையிலும் மட்டும் இருந்ததல்ல, மாடு மேய்க்கிற சனத்திடமும் இருந்தது என்பதற்கு இந்தக் கல் சாட்சி. எனக்கு இதுதான் பெரிது. ஆனால் ஊரில் இன்று அந்தக் கல்லைப் பற்றிக் கேட்டால் ‘அது எந்த சாதிக்காரன் கல்லு?’ என்ற கேள்விதான் முதலில் வருகிறது. கல்வெட்டியலார் எழுத்தின் காலத்தைச் சொல்வார். இந்தக் கேள்வியைச் சமாளிப்பது அவர் துறை அல்ல.

உள்ளூர்க் கல்லூரிகளில் ஆய்வே நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. உத்தமபாளையம், போடி, தேனி, பெரியகுளம் கல்லூரிகளின் அலமாரிகளில் தாலாட்டு, ஒப்பாரி, விடுகதை, ஊர்க்கோயில் பற்றிய எம்.ஃபில். ஏடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பலவும் ஒரே அச்சில் வார்த்தவை: முன்னுரை, ஊர் வரலாறு, சேகரித்த பாடல், முடிவுரை. மாணவனின் சொந்தப் பாட்டி பாடிய ஒப்பாரி ‘தகவலாளி எண் 7’ ஆகியிருக்கும். இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அந்தப் பாட்டியின் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழ்த்துறை ஆய்வேடு என்றால் இப்படித்தான் முடியும் என்ற விதியும் கிடையாது. தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ மதுரைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக எழுதியதுதான். 1989இல் பல்கலைக்கழகமே வெளியிட்டது. கோயிலுக்கும் கள்ளர், இடையர், பள்ளர்-பறையர், வலையர் ஆகியோருக்கும் உள்ள உறவைத் தனித்தனியாக எடுத்துப் பேசியது. கல்வெட்டு, வைணவப் பிரதி, நாட்டார் பாடல், கள ஆய்வு என்று எந்தத் துறையிலும் அவர் அனுமதி கேட்டு இறங்கவில்லை. பட்டம் வாங்காதவர்களும் அதைப் படித்தார்கள், தமிழில் இருந்ததால் மறுத்தும் பேசினார்கள். ஆராயப்பட்டவன் ஆய்வாளனோடு சண்டை போட முடிகிற மொழியில் ஆய்வு இருப்பது சின்ன விஷயமில்லை.

மானிடவியலில் துறை மறந்தால் சேதம் புத்தகத்தோடு போகும். இயற்பியல் துறை மலைக்கே வந்தது.

நியூட்ரினோ ஆய்வில் இந்தியாவுக்குப் பழைய பெருமை உண்டு. காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த இடங்களில் ஒன்று கோலார் தங்கச் சுரங்கம், 1965இல். அந்தச் சுரங்கச் சோதனைகள் 1990களின் தொடக்கத்தில் நின்றுபோயின. மறுபடி தொடங்க ஒரு மலை தேவைப்பட்டது. முதலில் நீலகிரியில் சிங்காரா. யானை வழித்தடம், முதுமலைப் புலிகள் காப்பகம் என்று 2009இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. பிறகு சுருளியாறு பேசப்பட்டது. கடைசியில் தேவாரத்துக்குப் பக்கத்தில் பொட்டிப்புரம். அங்கே உள்ள மலையை ஊர்க்காரர்கள் அம்பரப்பர் மலை என்பார்கள். திட்ட ஆவணங்களில் அது ‘போடி மேற்கு மலை’ ஆயிற்று. பாறை சார்னோக்கைட், ஒரே பாளம், உறுதியானது என்று புவியியலார் சொன்னார்கள். (கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற வெள்ளைக்காரன் கல்லறைக்கு வைத்த கல் என்பதால் அந்தப் பாறைக்கே அவன் பெயர். அம்பரப்பருக்கு அந்த யோகம் இல்லை.) ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம், உள்ளே 50,000 டன் காந்தமாக்கிய இரும்பு. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது.

எதிர்ப்பு கிளம்பியதும் விஞ்ஞானிகள் ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக வந்து பேசினார்கள். நியூட்ரினோ ஒரு நொடியில் பல லட்சம் கோடிக் கணக்கில் நம் உடம்பை ஊடுருவிப் போகிறது, ஒன்றும் செய்வதில்லை, பயப்படாதீர்கள் என்றார்கள். நூற்றுக்கு நூறு உண்மை. ராக்கெட், ஏவுகணைத் துறையில் வாழ்நாளைக் கழித்த அப்துல் கலாமும் 2015இல் திட்டத்தை ஆதரித்து எழுதினார். ஆனால் பொட்டிப்புரத்துக்காரன் கேட்டது நியூட்ரினோவைப் பற்றியா? மலையை வெடி வைத்துத் தகர்த்தால் ஊற்றுக்கண் என்னாகும், கிணற்றில் தண்ணீர் நிற்குமா, அள்ளிய கல்லை எங்கே கொட்டுவீர்கள், ஆடு மாடு இனி எங்கே மேயும்? துகள் இயற்பியலார் தமக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி ஒன்றைத் தாமே கேட்டுக்கொண்டு அதற்குச் சரியான பதிலும் சொல்லிவிட்டுப் போனார்கள். ‘ஏதோ படிச்சவுக சொல்றாக, நம்ம கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லக் காணோம்’ என்று டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னதைவிடத் துல்லியமான விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை.

நம் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். எதிர்ப்பாளர்களில் ஒரு பகுதி இதே வித்தையைத் தலைகீழாகச் செய்தது. கதிர்வீச்சு வரும், புற்றுநோய் வரும், பள்ளத்தாக்கே சுடுகாடாகும் என்று மேடையில் முழங்கினார்கள். இயற்கை நியூட்ரினோவை அளக்கும் கருவியால் கதிர்வீச்சு வராது. வெளிநாட்டு முடுக்கியிலிருந்து கற்றையை அனுப்பி இங்கே பிடிக்கலாம் என்ற யோசனை திட்டத்தின் தொடக்ககால ஆவணங்களில் இருந்தது. அதைக் கேட்டிருக்கலாம், கேட்டவர்களும் உண்டு. ஆனால் பயத்தை விதைத்தவர்களால் விஞ்ஞானிகளுக்கு ஒரு சௌகரியம் கிடைத்தது. ‘பாருங்கள், அறியாத மக்கள்’ என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் கேள்வியை அந்தக் கணக்கிலேயே சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். பொய்யான கேள்வி உண்மையான கேள்விக்குத் திரை ஆகிப்போனது. இயக்கத்தில் இருக்கிற நண்பர்களுக்கு இது கசக்கும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

நிபுணத்துவம் என்ற கேள்வி பிறகு நீதிமன்றத்துக்கே வந்தது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைத் தயாரித்தது கோவையில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையம். பறவைகளிலும் காட்டுயிர்களிலும் நாட்டின் முதல்தரமான நிறுவனங்களில் ஒன்று. ஆனால் இப்படிப்பட்ட திட்டத்துக்கு அறிக்கை தர அதற்கு அங்கீகாரம் கிடையாது. கேரள எல்லையில் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, ஆகவே மத்திய அளவில் கடுமையான பரிசீலனை வேண்டும். பூவுலகின் நண்பர்கள் தொடுத்த வழக்கில் 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. அடுத்து நடந்ததுதான் துறை மாற்றத்தின் உச்சம். 2018இல் மத்திய அமைச்சகம் இதைச் சிறப்பு நேர்வாக எடுத்துக்கொண்டு, ‘கட்டிடம் மற்றும் கட்டுமானம்’ என்ற இனத்தில் வைத்து அனுமதி தந்தது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை தலைமேல் இருக்கிற குகை, காகிதத்தில் ஒரு கட்டிடம். அடுக்குமாடி வீட்டுக்குரிய படிவம். மதிகெட்டான் சோலை என்று பெயர் வைத்தவன் தீர்க்கதரிசிதான்.

அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அந்த அனுமதியை ஏற்றுக்கொண்டு, காட்டுயிர் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்து மனுத் தாக்கல் செய்தது. மதிகெட்டானையும் பெரியாறு புலிகள் காப்பகத்தையும் இணைக்கிற புலிகளின் வழித்தடம் என்பது முக்கியமான காரணம். நியாயமான காரணம். புலியைப் பற்றிச் சொல்ல ஒரு துறை இருக்கிறது, அதற்குப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், கேமராவில் பதிந்த படம் இருக்கிறது, சட்டத்தில் இடம் இருக்கிறது. மதுரை வடபழஞ்சியில் 85 டன் எடையில் ஒரு சின்ன மாதிரிக் கருவி 2018 முதல் துகள்களை எண்ணியது. பொட்டிப்புரத்தில் ஆடு மேய்க்கிறவர் கிணற்றைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு இந்தப் பத்திருபது ஆண்டில் பறவையியல், இயற்பியல், கட்டிடக்கலை, புலியியல் ஆகியவற்றில் எதிலும் பக்கம் ஒதுக்கவில்லை. இதே ஊரைப் பற்றி அடுத்து முனைவர் பட்டத்துக்கு வரப்போகிற மாணவர் யாராக இருந்தாலும், வழிகாட்டி எந்தத் துறையாக இருந்தாலும், அவர் முதலில் அந்தக் கிணற்றுக்குள் ஒரு கயிறு விட்டு ஆழம் பார்க்கட்டும். கோடையில் ஒரு முறை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு முறை.